ஓர் ஏப்பம்

ஈரத்துணியைப் பிழிவதுபோல் யாரோ நெஞ்சை முறுக்கியபோது தெய்வநாயகத்துக்கு முதலில் வெட்கமாகத்தான் இருந்தது. ஒன்றுக்குப் போக ஏற்கெனவே இரண்டு முறை சுற்றுலா வேனை நிறுத்தியவர் அவர். "வாயுதான்" என்று பின்சீட்டு தீர்ப்புச் சொன்னது. ஓமத்தண்ணீர், பெருங்காயம், சோடா எல்லாம் கைமாறி வந்தன, எல்லாவற்றையும் குடித்தார். "ஒரு ஏப்பம் வந்துட்டாப் போதும் அத்தான்" என்றான் மச்சினன் குழந்தைவேலு. மொத்த வேனும் பேச்சை நிறுத்திவிட்டு அவர் வாயையே பார்த்தது. ஏப்பம் வரவில்லை. வியர்வை வந்தது, இடது கை மரத்தது. சாலையோரம் ஆஸ்பத்திரி தெரிந்ததும் டிரைவர் ஓரங்கட்டினார். "இறங்கிக் காட்டிடலாமா ஐயா?"

"பன்னண்டு மணிக்கு நடை சாத்திடுவாங்க" என்றாள் மனைவி அமிர்தம், ஜன்னலிடம். "இவருக்கு ஊருக்கு ஊர் ஒரு வேலை."

எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். பிறகு காற்றை விழுங்கி, தொண்டையை இறுக்கி, பள்ளிக்கூடத்தில் தவளைபோல் கத்திப் பேர் வாங்கிய அதே சாமர்த்தியத்தோடு ஓர் ஏப்பத்தைச் செய்தார். வேன் கைதட்டியது. ஆஸ்பத்திரி பின்னால் போனது.

கோயில் திறந்திருந்தது. "நீங்க சாஞ்சிருங்க, உங்க பேருக்கும் ஒரு அர்ச்சனை பண்ணிடறேன்" என்று அமிர்தம் திரையை இழுத்துவிட்டு இறங்கினாள். போகாதே என்று சொல்ல வாயைத் திறந்தார். இப்போதுதான் வழி தெரிந்ததுபோல் அசல் ஏப்பம் ஒன்று பெரிதாக வந்தது; நெஞ்சின் முறுக்கு மட்டும் விடவில்லை.

வெளியே குழந்தைவேலு சிரித்தான். "கேட்டியாக்கா? அத்தானுக்கு எல்லாம் இறங்கிடுச்சு. வா, வா, வரிசை நீளுது."