ஒன்பது கேட்டவன்

"ஒன்பது அனுமதி வேணும், அண்ணி" என்று சொல்லிவிட்டு, அடி விழப்போகிறவன் போலக் கண்ணை லேசாகச் சுருக்கிக்கொண்டான் தம்பி.

உண்மையில் அவனுக்கு வேண்டியது ஐந்து.

மேலே ஏற்றிவைத்த நாலும் பேசிக் கழிப்பதற்கென்றே வைத்தவை. அண்ணியிடம் எதைக் கேட்டாலும் பாதியில்தான் வந்து நிற்கும் என்பது அந்த அலுவலகத்தில் ஏசி மெஷினுக்குக்கூடத் தெரியும்.

அலுவலகம் என்றால் பிரமாதமாக ஒன்றுமில்லை. அடுத்தவர்களுடைய சர்வர்களைப் பார்த்துக்கொள்கிற தொழில். அண்ணன் முதலாளி. எல்லா சர்வர்களையும் ஒரே இடத்திலிருந்து கிளப்பி, நிறுத்தி, அப்டேட் செய்கிற புரோகிராம் தம்பியின் கைவேலை. அந்தப் புரோகிராம் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று விதி எழுதி, சிஸ்டத்தின் அடிமடியில் ஏற்றுவது அண்ணி.

விதியில் இல்லையென்றால் இல்லைதான். அட்மின் பாஸ்வேர்டோடு வந்து நின்றாலும் கதவு திறக்காது. முதலாளியே வந்தாலும் திறக்காது. முதலாளி ஒருமுறை முயன்று பார்த்து, மூக்கை உடைத்துக்கொண்டு போயிருக்கிறார்.

இப்போது புரோகிராமுக்குப் புது வெர்ஷன். பழைய விதி அதற்குப் பொருந்தாது.

மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து பாதுகாப்பைச் சரிபார்க்கப் பரிசோதகர் வருகிறார். அவர்கள் நோயாளிகளின் விவரமெல்லாம் இங்கேதான் இருக்கிறது. விதி வெறுமனே வேடிக்கை பார்க்காமல், மீறினால் தடுக்கும் நிலையில் இருக்க, அதற்கு அடங்கிப் புரோகிராம் ஓடுவதை அவருக்குக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் தம்பியின் புரோகிராமைத் தூக்கி ஓரம்கட்டிவிட்டு வெளியிலிருந்து ரெடிமேடாக ஒன்று வாங்கிவிடுவேன் என்று அண்ணன் சொல்லிவிட்டார். அவர் சாப்பாட்டு மேஜையில் சொல்வதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் இதை மெல்லுவதை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

அதனால் தம்பி கணக்குப் போட்டுத்தான் வந்திருந்தான்.

சர்வர்களைக் கிளப்பி நிறுத்த, அமைப்புக் கோப்புகளைப் படிக்க, மற்ற மெஷின்களோடு பேச, நடந்ததையெல்லாம் லாக்கில் குறித்துவைக்க, தற்காலிக ஃபோல்டரில் எழுத. இந்த ஐந்தும் அசல் சரக்கு.

மெயில் அனுப்ப, பிரிண்டரைத் தொட, ஊழியர்களின் சொந்த ஃபோல்டர்களைத் திறக்க, சர்வர் அறை வாசலில் இருக்கிற கேமராவைப் பார்க்க. இதெல்லாம் பேரத்துக்குப் பொம்மை.

அண்ணி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டாள்.

"ஒன்பதும் எடுத்துக்கோங்க, தம்பி."

கேட்ட விலைக்கே ஒருவர் தலையாட்டினால் எங்கோ குழி வெட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

தன் சீட்டுக்குப் போய் உட்கார்ந்தான். உட்கார முடியவில்லை. சர்வரைப் பார்த்துக்கொள்கிற புரோகிராமுக்கு வாசல் கேமரா எதற்கப்பா என்று பரிசோதகர் கேட்டால் என்ன சொல்வது? சும்மா அண்ணியிடம் பேரம் பேச என்றா?

திரும்பி வந்து, கேமரா வேண்டாம் என்றான்.

இருக்கட்டுமே, பின்னால் உதவும் என்றாள் அண்ணி. உதவாது என்று நிரூபிப்பதற்குள் அவனுக்கு நாக்கு தள்ளிவிட்டது. அவள் மனசே இல்லாமல் மவுஸை நகர்த்தி ஒரு கிளிக் செய்தாள்.

பிரிண்டரையும் எடுத்துவிடுங்கள் என்றான். அதில் பேப்பரே கிடையாது என்றும் சேர்த்துச் சொன்னான். பேப்பர் வாங்கிப் போட்டால் போகிறது என்றாள். கொடுப்பதற்கு இப்படி அடம்பிடிக்கிறவளை அவன் கடைத்தெருவில்கூடப் பார்த்ததில்லை. மன்றாடினான். இன்னொரு கிளிக்.

மெயில் அனுமதி மட்டுமாவது அண்ணி நினைவாக இருக்கட்டும் என்றாள். அதற்கும் கையெடுத்துக் கும்பிட்டான்.

சொந்த ஃபோல்டர் விஷயத்தில்தான் அவனுக்கே ரோஷம் வந்துவிட்டது. நாளைக்கு எவனாவது என் புரோகிராமுக்குள் புகுந்தால், அது திறக்கிற கதவெல்லாம் அவனுக்கும் திறக்கும், ஊழியர்களின் ஃபோல்டரை எல்லாம் வழித்துக்கொண்டு போய்விடுவான், இது கூடவா தெரியாது என்று பொரிந்தான்.

அப்படியா சங்கதி என்று அண்ணி ஆச்சரியப்பட்டாள். மெதுவாக ஒரு கிளிக்.

ஆக, ஐந்து.

ஏசி அறையில் வியர்வையைத் துடைத்துக்கொண்டான். இதற்குக் கீழே ஒன்றைக்கூட எடுக்க முடியாது, எடுத்தால் புரோகிராம் அப்படியே படுத்துவிடும், அண்ணன்மேல் சத்தியம் என்றான்.

அண்ணனை எதற்கு இழுக்கிறீர்கள் என்று கேட்டபடி அவள் திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

முதலில் கண்ணில் பட்டது சீட்டாட்டம். முக்கால்வாசி ஆடி முடித்திருந்தாள். இவ்வளவு நேரம் விழுந்த கிளிக்கெல்லாம் அதில் விழுந்தவை.

அதைக் கீழே இறக்கியதும் பின்னால் விதி தெரிந்தது. நேற்று வீட்டுக்குக் கிளம்பும் முன்பே ஏற்றியிருக்கிறாள். தடுக்கும் நிலை.

அனுமதி நாலு.

தம்பி மறுபடி எண்ணினான். நாலுதான். தற்காலிக ஃபோல்டர் இல்லை.

அவனுடைய புரோகிராம் அந்த நாலை வைத்துக்கொண்டு காலையிலிருந்து சர்வர்களைக் கிளப்பி, நிறுத்தி, சமர்த்தாக வேலை பார்த்துக்கொண்டிருந்தது. தடுத்ததாக லாக்கில் ஒரு வரி இல்லை.

போன வாரம் முழுக்க, எதையும் தடுக்காமல் வேடிக்கை மட்டும் பார்க்கிற நிலையில் விதியை வைத்து, புரோகிராம் எதையெல்லாம் தொடுகிறது என்று ஓடவிட்டுப் பார்த்திருக்கிறாள் அண்ணி. அது தற்காலிக ஃபோல்டர் பக்கமே போகவில்லை. புது வெர்ஷனில் அந்த வேலையை எடுத்துவிட்டது தம்பியேதான். எடுத்தவனுக்குத்தான் ஞாபகமில்லை.

வெளியே அண்ணன் யாரையோ வாங்க வாங்க என்று வரவேற்கும் சத்தம் கேட்டது.

எல்லாம் முடித்து வைத்துவிட்டு எதற்காக என்னைக் காலையிலிருந்து இந்தப் பாடு படுத்தினீர்கள் என்று தம்பி கேட்டான்.

அண்ணி கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, சீட்டாட்டத்தை மூடினாள்.

"வந்ததுமே நாலுதான்னு சொல்லியிருந்தா, வாங்கிட்டுப் போயிருப்பீங்களா?"