ஒற்றைக் கைக்கு ஒரு முக்காலி

கடை வாசல் மணி அடித்தபோது நான் உள்ளறையில் லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தேன். வேலையை முடித்துவிட்டு வெளியே வந்தால் இரண்டு பேர் நின்றிருந்தார்கள்.

மேசையோரம் ஒரு பெரியவர். கையில் நான்கு அங்குல லென்ஸ் தொலைநோக்கியின் நீளப் பை, ஓரங்களில் நூல் பிரிந்தது.

ஜன்னலோரம் ஓர் அம்மா. எழுபது தாண்டியிருக்கும். வெளியே வண்டிகள் நிற்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு ஒரு மவுண்ட் வேணும்," என்றார் பெரியவர். "குழலோட சேத்து ஒத்தைக் கையில தூக்கணும். அப்படி ஒண்ணு இல்லேன்னா, குழலை இங்கயே வச்சுட்டுப் போறேன். வித்துக் குடு."

விற்கச் சொன்னபோது பையின் மேல் இருந்த கையை அவர் எடுக்கவில்லை.

மவுண்ட் என்றால் குழலைத் தாங்கித் திருப்புகிற தலையும், அதற்குக் கீழே முக்காலியும். லென்ஸ் குழல் நீளமானது. மெலிந்த கால்களில் நிறுத்தினால் சனிக்கிரகம் கிணற்றுத் தண்ணீரில் தெரிவதுபோல ஆடும். அதனால் நாங்கள் கனமானதைத்தான் முதலில் காட்டுவோம்.

நாற்பது பவுண்டு மவுண்ட்டை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ரெண்டு நடையா கொண்டு போங்க சார். எல்லாரும் அப்படித்தான். முதல்ல குழலை வச்சுட்டு, திரும்ப வண்டிக்கு வந்து இதை எடுத்துக்கிட்டு..."

"போன மாசம் அப்படித்தான் போனேன். ரெண்டாவது நடை முடிஞ்சு வந்து, விடியற வரைக்கும் தேடினேன்."

பாலைவனச் சரளையில் இருட்டில் எது விழுந்தாலும் அவ்வளவுதான். குழலில் கண் வைத்துப் பார்க்கும் சின்ன லென்ஸைத் தொலைத்துவிட்டு முழங்காலில் தவழாதவர் எங்கள் டூசான் ஊரில் யாரும் இல்லை.

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

இருபது பவுண்டு மவுண்ட்டில் குழலைப் பூட்டிக் கொடுத்தேன். இடது கையால் தூக்கி வாசல்வரை நடந்தார். பாதியில் தோள் சரிந்தது. வலது கையால் பிடித்துக்கொள்ளவில்லை. அது உடம்பிலிருந்து கொஞ்சம் விலகி, விரல்கள் பாதி மூடி, அப்படியே நின்றது.

"அந்தக் கையில என்ன, காப்பி ஃபிளாஸ்க்கா?" என்றேன்.

"அந்தக் கை காலியா இருக்கணும்."

தோள் அறுவைசிகிச்சை ஏதாவது இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியாக ஒன்பது பவுண்டில் ஒரு சின்ன மவுண்ட். நானே யாருக்கும் சிபாரிசு செய்யாதது. அதை விரித்து வைத்துப் பேச ஆரம்பித்ததும் அந்த அம்மா எங்கள் பக்கம் வந்தார்.

"கதை அளக்காத தம்பி. தட்டிப் பாத்துச் சொல்லு."

என்னை ஒதுக்கிவிட்டுக் குழலை அவரே பூட்டினார். முன்மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, குழலை முன்னும் பின்னும் நகர்த்தி எடையைச் சமன் செய்தார். பத்து வருடம் பழகியவர்கள்கூட மூடியோடு சமன் பார்த்து ஏமாறுவார்கள். அவர் கைகள் யோசிக்கவே இல்லை.

ஜன்னல் வழியாகத் தெருக்கோடி விளக்குக் கம்பத்தின் நுனிக்குக் குழலைத் திருப்பினார். கண்ணை வைத்துக்கொண்டு, குழலை ஒரு விரலால் தட்டினார்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு." நிமிர்ந்தார். "ஆட்டம் நிக்க அஞ்சு செகண்டு ஆவுது. மூணுக்கு மேல போனா வாங்காதீங்க சார்."

"அஞ்சு செகண்டு காத்திருக்கலாம்," என்றார் பெரியவர்.

"உங்களுக்கு எதுக்கு இந்தக் கொசுக்கால்? என் வீட்டுக்காரர் நாப்பது பவுண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு மேடு ஏறுவாரு. வண்டிய நிறுத்தப் போயிருக்காரு. வந்ததும் கேட்டுப் பாருங்க."

"ரொம்பப் பேசுவாரோ?"

"வாயே திறக்க மாட்டாரு. பக்கத்துல நிப்பாரு. சனியைப் பாக்கறப்போ அது போதும்." சிரித்தார். "உங்க வீட்டுல யாராச்சும் பாப்பாங்களா?"

"என் மனைவி. எனக்கு வானத்தைக் காட்டினதே அவதான்."

"குடுத்து வச்சவரு நீங்க."

"ஆமா."

பெரியவர் முன்மூடியை எடுத்துக் குழலில் மாட்டினார். நன்றாகப் பொருந்துகிற மூடிதான். மாட்ட வெகுநேரம் பிடித்தது.

பணத்தைக் கொடுத்துவிட்டு, குழலோடு மவுண்ட்டை இடது கையால் தூக்கினார். மறுபடி வாசல்வரை நடந்து பார்த்தார். இந்த முறை தோள் சரியவில்லை.

ஆனால் அவர் வெளியே போகவில்லை. திரும்பி வந்து, மீண்டும் ஜன்னலோரம் போய் நின்றுகொண்டிருந்த அந்த அம்மாவின் பக்கத்தில் நின்றார். வலது கையை நீட்டினார்.

"வண்டிய நிறுத்திட்டேன், ரோவீனா."

அந்த அம்மா நீட்டிய கையைப் பார்த்தார். பிறகு முகத்தை. என் சுவரில் ஏழு கடிகாரங்கள் ஓடுகின்றன, ஊருக்கு ஒரு நேரம். ஏழும் ஓடுவது கேட்டது.

பிறகு, படி இறங்கக் கைகொடுக்கும் அந்நியரிடம் புன்னகைப்பதுபோலப் புன்னகைத்து, தன் கையை அவர் கையில் வைத்தார். பாதி மூடியிருந்த விரல்கள் முழுதாக மூடிக்கொண்டன.

வாசல்வரை போனதும் அந்த அம்மா என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, என் வீட்டுக்காரர் வந்தா நான் வெளிய நிக்கறேன்னு சொல்லிடு. தேடுவாரு."

பெரியவர் திரும்பவில்லை.

"சொல்றேம்மா," என்றேன்.

கதவு திறந்தது. மணி அடித்தது.

அன்று காலை அது அடித்தது இரண்டாவது முறைதான்.