நயாகரா வேண்டாம்

"நயாகரா வேண்டாம்" என்றாள் பேர்ளி. "தண்ணி விழுறதைப் பாக்கவோ அவ்வளவு தூரம் போறது?"

பாரிஸ் நகரத்தின் ரூ லூயி-பிளாங் தெருவில் விமான டிக்கெட் கடை வைத்திருக்கும் கரிகாலன் கீபோர்டிலிருந்து கையை எடுத்தான். அமெரிக்கா என்றதும் எல்லோரும் முதலில் கேட்கிற இடத்தையே இந்த அக்கா வேண்டாம் என்கிறாள். நியூயோர்க்கைச் சொல்லிப் பார்த்தான். அதுவும் வேண்டாமாம்.

பக்கத்தில் இருந்த அவள் புருஷன் ஞானரட்ணத்துக்கு அவள் எதை வேண்டாம் என்றாலும் சம்மதம். எங்கேயாவது போகவேண்டும் என்று அவளாக வாய் திறந்ததே அவருக்குப் பெரிய காரியம். கேட்ட மறுநாளே புதுப் பெட்டி இரண்டு வாங்கி வைத்துவிட்டார் மனிதர்.

தம்பி ஜெனிஸ்டன் காணாமல் போன நாளிலிருந்து பேர்ளி ஒரு இரவுகூட வேறு ஊரில் தங்கியதில்லை. லூர்து மாதாவிடம் போய் வரலாம் என்று கூப்பிட்டபோதும், "அவன் வந்து கதவைத் தட்டினா ஆர் திறக்கிறது?" என்று கேட்டு அவர் வாயை அடைத்தாள்.

சண்டை முடிந்த அடுத்த வருஷம் ஊரிலிருந்து அக்காவிடம் வரப் புறப்பட்டவன் அவன். களவாக ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் எந்த நாட்டுக்குள்ளால் கொண்டுபோனான், எங்கே வைத்திருந்தான் என்று ஒருவருக்கும் தெரியாது. திடீரென்று ஒரு நாள் நம்பர் விழாத டெலிபோன் கோல் ஒன்று வந்தது.

"அக்கா, பாரிசுக்கு வந்திட்டன். ஈபிள் டவர் தெரியுது. படத்திலை பாத்தது மாதிரி இல்லை, சின்னன்" என்றான். தூரத்தில் நின்று பார்க்கிறான் போல என்று பேர்ளி சந்தோஷத்தில் சிரித்தாள். எந்த ஸ்டேஷனுக்குக் கிட்ட நிற்கிறாய் என்று கேட்பதற்குள் லைன் அறுந்துபோயிற்று.

அதற்குப் பிறகு அவன் குரலே இல்லை. ஆஸ்பத்திரி, பொலிஸ், அகதிகள் படுக்கிற பாலத்தடி என்று இருவரும் பாரிசைச் சல்லடை போட்டுத் தேடினார்கள். ரூ காய் தெருவில் மரக்கறி வாங்கிய பையோடு கார் து நோர் ரயில் ஸ்டேஷன் வாசலில் போய் நின்று, வெளியே வருகிற முகங்களைப் பார்ப்பது பேர்ளிக்கு இத்தனை வருஷமாகியும் விடவில்லை.

ஞானரட்ணம் மனதுக்குள் மச்சானை எப்போதோ அடக்கம் செய்துவிட்டார். ஆத்துமாவுக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுத்தால் இவளும் ஆறுவாள் என்பது அவர் நினைப்பு. அந்தப் பேச்சை எடுத்த போதெல்லாம் அவள் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள்.

போன மாதம்தான் முதல் தடவையாக இறங்கி வந்தாள். "அமெரிக்காவுக்கு ஒருக்காப் போய் ஊர் பாத்திட்டு வருவம். பூசையைப் பற்றிப் பிறகு கதைப்பம்" என்றாள். ஞானரட்ணம் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். மனைவி திரும்பக் கிடைத்துவிட்டாள் என்று நம்பினார்.

"அப்ப எங்கைதான் அக்கா போகப் போறியள்?"

"டலஸ். பிறகு லிட்டில் ரொக், நாஷ்வில், லெக்சிங்டன், சென் லூயிஸ்." செபமாலை சொல்வதுபோலத் தடங்கல் இல்லாமல் சொன்னாள். "ஒரு கிழமைக்குள்ளை முடிக்கவேணும். எல்லா இடத்திலையும் கார் எடுத்துத் தாரும்."

கரிகாலன் ஞானரட்ணத்தைப் பார்த்தான். "அண்ணை, இது அமெரிக்காவின்ரை நடுவயிறு. சோளத்தையும் மாட்டையும் பாக்கவோ இவ்வளவு செலவழிச்சுப் போறியள்? சிக்காகோவையாவது போடட்டே?"

"நாங்கள் அந்தப் பெரிய ஊருகளிலை நிக்கப்போறேல்லை தம்பி" என்றாள் பேர்ளி. "ஒவ்வொண்டிலையிருந்தும் காரிலை போற தூரத்திலை ஒரு சின்ன ஊர் இருக்கு. அதுகளைத்தான் பாக்கவேணும்."

"அதுகளிலை பாக்க என்ன இருக்கு?"

"ஆக்கள் இருப்பினம்தானே."

ஞானரட்ணம் மனைவியை நிமிர்ந்து பார்த்தார். வேலையால் வந்ததும் கைபேசியில் அமெரிக்காவை விரித்துவைத்து அவள் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்ததை இந்த ஒரு மாதமாக ஆசை என்றே அவர் நினைத்திருந்தார். இப்போது அவள் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. உல்லாசப் பயணம் போகிற முகமா இது?

"நல்லதா ரெண்டு இடத்தையும் பாப்பமே, பேர்ளி" என்றார் மெதுவாக. "சந்தோஷமாப் போட்டு வந்து, சுவாமியிட்டைப் பூசைக்குச் சொல்லுவம்."

அவள் கதிரையைத் திரைக்குக் கிட்ட இழுத்துப் போட்டாள்.

"சரி, முதல் சின்ன ஊரைச் சொல்லுங்கோ. அங்கை ஹோட்டல் இருக்கோ எண்டு பாப்பம்" என்றான் கரிகாலன்.

"நானே அடிக்கிறன்." பேர்ளி கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள்.

திரையில் வரைபடம் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. சேன் ஆறு வளைந்து போயிற்று. அதற்கு மேலே கார் து நோர், அதற்குப் பக்கத்தில் அவர்கள் உட்கார்ந்திருந்த அதே தெரு.

கரிகாலனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அக்கா, பேரைப் பிழையா அடிச்சுப்போட்டியள். இது நாங்கள் இருக்கிற பாரிஸெல்லே?"

"பிழையில்லை தம்பி. அமெரிக்காவிலையும் இந்தப் பேரிலை கனக்க ஊர் இருக்கு."

சொல்லிவிட்டுப் பேர்ளி புருஷன் பக்கம் திரும்பினாள். அவர் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"டவரும் கட்டி வைச்சிருக்கினமாம். சின்னன்."