லாஜிக்கே இல்ல

குமரகுரு எந்தப் படத்தையும் லேசில் விடமாட்டான். போன வாரம் பார்த்த விண்வெளிப் படத்தில், காற்றே இல்லாத இடத்தில் வெடிச்சத்தம் எப்படிக் கேட்கும் என்று மூன்று நாள் கத்தினான். நேற்றைய சண்டைப் படத்தில் ஒருத்தனே நாற்பது பேரை அடித்ததற்கு, "காதுல பூ சுத்துறானுங்க" என்று மனைவி சுகந்தியின் மேல் எரிந்து விழுந்தான், ஏதோ அவள்தான் அந்தப் படத்தை எடுத்தவள் மாதிரி. இன்று மத்தியானம் டிவியில் பேய்ப்படம். வீட்டில் பேய் இருப்பது தெரிந்தும் கதாநாயகி அங்கேயே சமைத்து, அங்கேயே தூங்கிக்கொண்டிருந்தாள்.

"லாஜிக்கே இல்ல. கதவு திறந்துதானே கிடக்கு? கிளம்பிப் போக வேண்டியதுதானே, லூசு!"

சுகந்திக்குச் சிரிப்பு வந்தது. பதினோரு வருஷத்தில் அவன் சொன்னதில் இது ஒன்றுதான் அவளுக்குச் சரியாகப் பட்டது. காபி டம்ளரை அவன் பக்கத்தில் வைத்தாள். ஆறுவதற்குள் குடிக்கச் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"போறேன்."

திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே அவன் திருத்தினான். "போறேன்னு சொல்லக் கூடாதுன்னு எத்தனை தடவ சொல்றது? போயிட்டு வரேன்னு சொல்லு."

அவள் திருத்திச் சொல்லவில்லை. கதவைத் திறந்தே போட்டுவிட்டுப் படியிறங்கினாள்.