ஆளுக்கொரு பேச்சு

யாருக்கு ஓட்டுப் போடுவது என்று சுடர்விழி இன்னும் முடிவு செய்யவில்லை. நேரில் கேட்டுப் பார்ப்போம் என்று கணவன் மாரிச்செல்வத்தோடு சங்கரன்கோவிலில் நடந்த வேட்பாளர் கூட்டத்துக்கு வந்திருந்தாள். மைதானத்தில் ஒலிபெருக்கியே கிடையாது. வாசலில் கேமராவில் முகத்தைப் பதிந்துகொண்டு ஆளுக்கு ஓர் இயர்போன் கொடுத்தார்கள். அவரவர் விவரங்களைக் கணினி அலசி, அவரவருக்கு வேண்டியதை அவரவர் காதில் வேட்பாளரின் குரலிலேயே பேசும்.

"தங்கச்சி, தனியாகப் பிள்ளை வளர்க்கும் பெண்களுக்கு மாதாமாதம் உதவித்தொகை தருவேன்" என்றார் அவர்.

அவளுக்குச் சுருக்கென்றது. கணவன் பக்கத்தில்தானே உட்கார்ந்திருக்கிறான்? மகள் அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஆள் தெரியாமல் உளறுகிற இவரை எப்படி நம்புவது என்று நினைத்தாள். ஒருவேளை இயர்போன் மாறிவிட்டதோ? மாரிச்செல்வமோ மேடையைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

"ஏங்க, உங்களுக்கு என்ன சொல்றாரு?"

"என்னத்த, ரோடு, தண்ணின்னு வழக்கமான பேச்சுதான்."

அவன் தடுப்பதற்குள் அவன் இயர்போனைக் கழற்றித் தன் காதில் வைத்தாள். அதே குரல், "தம்பி, கனடாவில் நிரந்தரமாகக் குடியேறும் இளைஞர்களுக்கு விமானச் செலவு என் பொறுப்பு" என்றது.

"கனடாவா? என்கிட்ட சொல்லவே இல்லையே."

"இன்னும் முடிவாகல, சுடர். சொல்லணும்னுதான் இருந்தேன்."

"நாங்களும் வர்றோமா?"

அந்த நேரம் பார்த்துக் கூட்டம் கைதட்டியது. சத்தம் அடங்கட்டும் என்று அவள் காத்திருந்தாள். அடங்கியதும் அவன் தன் இயர்போனைத் திரும்ப வாங்கிக் காதில் மாட்டிக்கொண்டான்.