வேனுக்குப் பின்னால் ஒருவர்

கடல் கடந்து வந்து ஊர் ஆஸ்பத்திரியில் சேவை செய்தவளை வழியனுப்ப ஊரே திரண்டிருந்தது. தபால்காரரை மட்டும் காணவில்லை. 'அவ்வளவுதானா நம்ம பழக்கம்?' என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வாடகை வேனில் ஏறினாள்.

தெருமுனை திரும்பியதும் டிரைவர் கண்ணாடியைப் பார்த்தார்.

"அம்மா, யாரோ தபால் பையோட தலைதெறிக்க ஓடி வர்றார். நிறுத்தவா?"

அவள் எட்டிப் பார்த்தாள். "நிறுத்தாதீங்க அண்ணே. மெதுவா ஓட்டிக்கிட்டே இருங்க."

"பாவம்மா, அவருக்கு நாக்குத் தள்ளுது. அப்படி என்ன கோபம்?"

"கோபமா?" அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "அவரோட இடது கால் நான் செஞ்சு மாட்டினது அண்ணே. போன மாசம்கூட பயிற்சிக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடந்தார். இன்னும் கொஞ்சம் ஓடட்டும், கண்குளிரப் பார்த்துக்கறேன்."