கல்லில் ஈர வரி

1951 கோடை விடுமுறைக்கு நீலகண்டன் தாழக்குடிக்கு வந்திருந்தான். வடக்கே பல்கலைக்கழகத்தில் பழைய சீன மொழி படித்தான். ஜூனில் பரீட்சை. தோற்றால் உதவித்தொகை நின்றுவிடும். பிறகு வயல்தான் கதி.

சீன மாணவர்களைப் போலத் தூரிகையைத் தண்ணீரில் தோய்த்து முற்றத்துக் கருங்கல்லில் எழுதிப் பழகினான். வெயிலில் எழுத்துகள் உடனே காய்ந்துவிடும். ஒருநாள் மறந்துபோன வரிக்கு இடம் விட்டுச் சாப்பிடப் போனான். திரும்பியபோது அந்த இடத்தில் வரி ஈரமாக எழுதப்பட்டிருந்தது. பிழையே இல்லை. வீட்டில் அம்மாவைத் தவிர யாருமில்லை. அவளுக்குத் தமிழ் எழுத்தே தெரியாது.

பயந்தான். ஆனாலும் பரீட்சையை நினைத்து, தினமும் வேண்டுமென்றே இடம் விட்டுப் போனான்.

புறப்படும் நாளன்று சாப்பிட்டுத் திரும்பியபோது, பாடத்தில் இல்லாத வரியொன்று இருந்தது. மொழிபெயர்த்தான்: “இனி நீ எழுது. நான் சாப்பிடுகிறேன்.”

அடுக்களையில் அம்மா யாரிடமோ சிரித்துப் பேசுவது முற்றத்தில் நின்ற அவனுக்குக் கேட்டது. “இப்பந்தானே தின்னுட்டுப் போன? பொறவும் பசியா மக்கா?”